வந்த வேகத்தில் திரும்பும் வாடிக்கையாளர்: வடசென்னை ஆன்லைன் கடைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணி, காசிமேட்டில் கருவாடு, சௌகார்பேட்டையில் ஃபேன்சி பொருள் என்று நேரில் வியாபாரம் செய்துகொண்டே சொந்தமாக இணையதளமும் நடத்துபவர்களுக்காக எழுதியது இது. ரீல்ஸ் பார்த்து லிங்க்கைத் தொட்டு உள்ளே வருகிறார்கள், ஒரு பக்கத்தோடு போய்விடுகிறார்கள். இதை அளக்கும் எண்ணுக்குத்தான் பவுன்ஸ் ரேட் என்று பெயர். ஏன் போகிறார்கள் என்று கண்டுபிடிப்பதும், எதை மாற்றினால் நிற்பார்கள் என்பதும்தான் கீழே இருக்கிறது.

பவுன்ஸ் ரேட் என்றால் சரியாக என்ன?

சைட்டுக்கு வருபவர்களைக் கணக்கெடுக்கும் கூகுளின் கருவியான கூகுள் அனலிட்டிக்ஸ் 4 கணக்குப்படி, ஒரு வருகை 10 விநாடிக்கு மேல் நீடிக்க வேண்டும். அல்லது இரண்டு பக்கமாவது திறக்கப்பட வேண்டும். அல்லது 'முக்கியச் செயல்' என்று நீங்கள் குறித்துவைத்த ஏதாவது ஒன்று நடக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று நடந்தாலும் அது ஈடுபாடுள்ள வருகை. ஒன்றுமே நடக்காவிட்டால் பவுன்ஸ். 1000 வருகையில் 420 அப்படிப் போனால் பவுன்ஸ் ரேட் 42%.

இதன் முந்தைய வடிவமான யுனிவர்சல் அனலிட்டிக்ஸ் 2023 ஜூலை 1 முதல் புதிய தகவல் சேர்ப்பதை நிறுத்திவிட்டது. அதில் ஒருவர் ஒரே பக்கத்தில் ஐந்து நிமிடம் படித்துவிட்டு வேறெதையும் தொடாமல் போனாலும் பவுன்ஸ்தான். ஆகவே பழைய எண்ணையும் இன்றைய எண்ணையும் பக்கத்தில் வைத்து 'குறைந்துவிட்டது' என்று சந்தோஷப்பட முடியாது. இரண்டும் வேறு வேறு அளவுகோல்.

அதை எங்கே பார்ப்பது? என் அறிக்கையில் அந்தப் பத்தியே இல்லையே?

சாதாரணமாகக் காட்டப்படாது. லேண்டிங் பேஜ் (வருபவர் முதலில் இறங்கும் பக்கம்) அறிக்கையைத் திறந்து, மேலே பென்சில் படத்தைத் தொட்டு, மெட்ரிக்ஸ் பட்டியலில் பவுன்ஸ் ரேட்டைச் சேர்த்துச் சேமியுங்கள். கணக்கில் எடிட்டர் உரிமை இருந்தால்தான் பென்சில் தெரியும். சைட் செய்து கொடுத்தவர் தன் பெயரிலேயே உரிமையை வைத்திருந்தால் முதலில் அதைக் கேட்டு வாங்குங்கள். கடைச் சாவி இன்னொருவர் கையில் இருக்கக் கூடாது.

மொத்தக் கடைக்கும் ஒரே எண்ணைப் பார்ப்பதில் பயனில்லை. எந்தப் பக்கத்தில் இறங்கினார்கள், எங்கிருந்து வந்தார்கள், மொபைலா கம்ப்யூட்டரா என்று மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். இன்ஸ்டாகிராமிலிருந்து மொபைலில் வருபவர்கள் 70% திரும்புகிறார்கள், கூகுளில் தேடி வருபவர்கள் 35%தான் என்று தெரிந்தால், கோளாறு எங்கே என்று பாதி விளங்கிவிடும்.

எனக்கு 3% தான் காட்டுகிறது. நல்லதுதானே?

இல்லை. வருகையைப் பதிவு செய்ய சைட்டில் ஒட்டும் அனலிட்டிக்ஸ் கோடு (code) இரண்டு முறை ஒட்டப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம்: சைட்டின் வடிவமைப்பான தீமில் ஒன்று, கூடுதல் வசதிக்குச் சேர்க்கும் பிளகினில் இன்னொன்று. ஒரு பக்கத்தைத் திறந்தாலே இரண்டு பக்கம் பார்த்ததாகப் பதிவாகும், எல்லா வருகையும் ஈடுபாடுள்ளதாகிவிடும். கூகுளின் சோதனைக் கருவியான டேக் அசிஸ்டென்ட்டில் உங்கள் சைட்டைத் திறந்து, ஒரு பக்கத்துக்கு 'பேஜ் வியூ' எத்தனை முறை போகிறது என்று எண்ணுங்கள். இரண்டு என்றால் ஒன்றை எடுத்துவிடுங்கள். எடுத்த மறுநாள் எண் சட்டென்று ஏறும். அது கோளாறல்ல, உண்மை நிலவரம் இப்போதுதான் தெரிகிறது.

கடைப் பையன்கள் ஸ்டாக் பார்க்க நாள் முழுக்க சைட்டைத் திறந்து மூடினாலும் கணக்கு கெடும். கடையின் இன்டர்நெட் முகவரியை 'இன்டர்னல் டிராஃபிக்' என்று குறித்து வடிகட்டுங்கள்.

பக்கத்தைப் பார்த்ததும் வாட்ஸ்அப் பட்டனைத் தொட்டு ஆர்டர் கொடுக்கிறார்கள். அதுவும் பவுன்ஸா?

10 விநாடிக்குள் தொட்டுப் போனால், ஆம். உங்களுக்கு நல்ல வாடிக்கையாளர், கணக்கில் ஓடிப்போனவர். வடசென்னைக் கடைகளில் பேசி முடித்து வாங்கும் பழக்கம் நிறைய உண்டு என்பதால் இதைச் சரிசெய்யாமல் வேறெதையும் அளக்கக் கூடாது.

வெளி லிங்க்கைத் தொட்டால் அனலிட்டிக்ஸ் தானாகவே 'கிளிக்' என்ற செயலைப் பதிவு செய்யும். அட்மின் பகுதியில் புதிய ஈவென்ட் ஒன்று உருவாக்குங்கள். நிபந்தனை இரண்டு: செயலின் பெயர் 'கிளிக்', லிங்க் டொமைனில் வாட்ஸ்அப்பின் முகவரி இருக்க வேண்டும். அந்தப் புதிய ஈவென்ட்டை மட்டும் முக்கியச் செயலாகக் குறியுங்கள். மொத்த 'கிளிக்'கையும் குறித்துவிட்டால் ஃபேஸ்புக் லோகோவைத் தொட்டவர்கூட வாடிக்கையாளராகிவிடுவார். கடைக்கு வழி பார்க்க மேப்பைத் தொடுவதற்கும் இதேபோல் தனியாகச் செய்யுங்கள். போன் நம்பரைத் தொடுவதையும் தனி ஈவென்ட்டாக வைக்கச் சொல்லுங்கள். மெட்ரோவில் வண்ணாரப்பேட்டை ஸ்டேஷனில் இறங்கி நேரில் வர நினைப்பவர் முகவரியைப் பார்த்துவிட்டுச் சைட்டை மூடுவார். அவர் நஷ்டமல்ல.

எத்தனை சதவீதம் இருந்தால் சரி?

எல்லாக் கடைக்கும் பொருந்தும் எண் கிடையாது. உங்கள் போன மாதத்து எண்ணோடு, அதே வகைப் பக்கத்தில், அதே வழியாக வந்தவர்களோடு மட்டும் ஒப்பிடுங்கள். 'புடவை துவைப்பது எப்படி' என்ற பக்கத்தில் பவுன்ஸ் அதிகமாக இருந்தால் கவலை வேண்டாம். விலைக்கு விளம்பரம் கொடுத்து ஆளைக் கூட்டிவரும் பக்கத்தில் அதிகமாக இருந்தால் தினமும் பணம் போகிறது என்று அர்த்தம்.

ரீல்ஸுக்கு ஆயிரக்கணக்கில் வியூஸ், லிங்க்கும் தொடுகிறார்கள். ஆனால் உடனே போய்விடுகிறார்கள். ஏன்?

முதல் காரணம், எங்களைக் கேட்டால் பெரும்பாலான கடைகளுக்கு ஒரே காரணம்: ரீலில் காட்டியது ஒன்று, லிங்க் போய் நிற்பது வேறு இடம். மாம்பழ மஞ்சள் காட்டன் புடவை 650 ரூபாய் என்று ரீலில் சொல்லிவிட்டு, பயோவில் முகப்புப் பக்கத்தின் லிங்க்கைக் கொடுத்திருப்பீர்கள். வந்தவருக்கு முதலில் கண்ணில் படுவது போன தீபாவளி பேனர். அந்தப் புடவை எந்த வகையில், எத்தனையாவது வரிசையில் என்று அவர் தேடப்போவதில்லை.

எம்.சி. ரோட்டில் கடை வாசலில் தொங்கும் துணியைக் காட்டி 'இது இருக்கா?' என்று கேட்பவரை யாரும் முதல் மாடியிலிருந்து சுற்றிக்காட்ட ஆரம்பிக்க மாட்டார்கள். அதே துணியை எடுத்துப் பிரித்துப் போடுவார்கள். சைட்டின் முதல் திரையும் அதையே செய்ய வேண்டும்.

ஒரு ரீலுக்கு ஒரு லேண்டிங் பக்கம் வையுங்கள். ரீலில் ஒரே பொருள் என்றால் அந்தப் பொருளின் பக்கம். ஐந்தாறு காட்டினால், அந்த ஐந்தாறு மட்டும், ரீலில் வந்த அதே வரிசையில் இருக்கும் தொகுப்புப் பக்கம். ரீலில் கட்டியிருந்த அதே நிறப் புடவைதான் பக்கத்தின் முதல் படமாக வர வேண்டும். ரீலில் சொன்ன விலையும் பக்கத்து விலையும் ஒரு ரூபாய்கூட மாறக் கூடாது. ஸ்டோரியில் போடும்போது பொருளின் லிங்க்கையே ஸ்டிக்கராக ஒட்டுங்கள். ஒவ்வொரு லிங்க்கிலும் யுடிஎம் குறிச்சொல் (ஆள் எங்கிருந்து வந்தார் என்று காட்ட லிங்க்கின் கடைசியில் ஒட்டும் சொல்) சேருங்கள், எந்த ரீல் ஆளை மட்டும் கொண்டுவருகிறது, எந்த ரீல் வாங்குபவரைக் கொண்டுவருகிறது என்று அப்போதுதான் பிரியும்.

ரீல் வைரலாகி ஸ்டாக் தீர்ந்த பிறகும் ஒரு மாதத்துக்கு ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். அந்தப் பக்கத்தின் மேலேயே 'இது தீர்ந்தது, இதே துணியில் இந்த நான்கு நிறம் இருக்கிறது' என்று காட்டுங்கள்.

சைட் மெதுவாகத் திறக்கிறது. எதிலிருந்து தொடங்குவது?

படங்களிலிருந்து. போனில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றினால் 4000 பிக்சல் அகலம், 4 எம்பி எடை. மொபைல் திரைக்கு 1080 பிக்சல் அகலம் தாராளம். வெப்பி (WebP) என்ற எடை குறைந்த பட வடிவத்தில், 75 முதல் 80 தரத்தில் சேமித்தால் ஒரு படம் பெரும்பாலும் 100 முதல் 150 கேபிக்குள் வரும். ஜரிகை, நுண்ணிய கட்டம் உள்ள துணிக்குக் கொஞ்சம் கூடலாம். அதைக் குறைத்தால் நெசவு மங்கிவிடும், அது விற்பனைக்குக் கெடுதல்.

அடுத்து, பலரும் செய்யும் தவறு. 'லேஸி லோடிங்' (பார்ப்பவர் அந்த இடத்துக்கு வரும்போது மட்டும் படத்தை ஏற்றுவது) நல்லது என்று கேள்விப்பட்டு எல்லாப் படத்துக்கும் போட்டுவிடுகிறார்கள். கீழே இருக்கும் படங்களுக்கு அது சரி. முதல் திரையில் தெரியும் பெரிய படத்துக்குப் போட்டால் அதுவே தாமதமாக வரும். அந்த ஒரு படத்துக்கு மட்டும் லேஸியை எடுத்துவிட்டு, முன்னுரிமை கொடுக்கச் சொல்லுங்கள். எல்லாப் படத்துக்கும் அகலம், உயரம் இரண்டையும் கோடில் எழுதச் சொல்லுங்கள். எழுதாவிட்டால் படம் வந்து விழும்போது பக்கம் கீழே நகரும். 'சைஸ்' பட்டனைத் தொடப் போன விரல் வேறெதையோ தொடும்.

கூகுள் வைத்திருக்கும் அளவுகள் மூன்று. முதல் திரையின் பெரிய படமோ எழுத்தோ வந்து சேரும் நேரம், அதாவது எல்சிபி, 2.5 விநாடிக்குள். தொட்டதும் பக்கம் பதில் சொல்லும் நேரமான ஐஎன்பி, 200 மில்லி விநாடிக்குள். பக்கம் குதிக்கும் அளவான சிஎல்எஸ், 0.1க்குள். நான்கில் மூன்று வருகைகளுக்காவது இவை அமைய வேண்டும். வேகத்தைச் சோதிக்கும் கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் உங்கள் முகவரியைப் போட்டால், போதுமான வருகை உள்ள சைட்டுக்கு மூன்றும் தெரியும். முகப்பை மட்டும் சோதிக்காதீர்கள், ஆட்கள் இறங்குவது பொருள் பக்கத்தில்.

ஐஎன்பி மோசமாக இருந்தால் பழி பெரும்பாலும் கூடுதல் ஸ்கிரிப்ட்கள் மேல். சாட் பெட்டி, சுழலும் லாட்டரி சக்கரம், 'இப்போது ஒருவர் வாங்கினார்' என்று எட்டிப்பார்க்கும் பெட்டி, எப்போதோ நிறுத்திய விளம்பரத்தின் பிக்சல் (விளம்பரம் பார்த்து வந்தவரைக் கண்காணிக்கும் கோடு). ஒவ்வொன்றாக அணைத்துச் சோதியுங்கள். அணைத்தும் ஆர்டர் குறையாவிட்டால் மறுபடி போட வேண்டாம். உங்கள் சைட் குடியிருக்கும் கம்ப்யூட்டரான சர்வர் பதில் சொல்லவே 0.8 விநாடிக்கு மேல் எடுத்தால் ஹோஸ்டிங்கை, அதாவது அந்த இடத்தைத் தரும் சேவையைப் பாருங்கள். உங்கள் வாடிக்கையாளர் எல்லாம் தமிழ்நாட்டில் இருக்க, சர்வர் அமெரிக்காவில் இருக்க வேண்டியதில்லை. மும்பையில் சர்வர் தரும் நிறுவனங்கள் பல உண்டு.

சோதனைக்கு உங்கள் புதுப் போனையும் கடை வைஃபையையும் நம்பாதீர்கள். நான்கைந்து வருடப் பழைய ஆண்ட்ராய்டு போனில், வைஃபையை அணைத்துவிட்டு, மாலை கூட்ட நேரத்தில் திறந்து பாருங்கள்.

தமிழில் பக்கம் வைத்தால் எழுத்து உடைகிறது, பட்டன் இரண்டு வரியாகிறது. ஆங்கிலமே போதுமா?

தமிழை விட வேண்டாம். ஆங்கிலத்துக்காகச் செய்த தீமில் நான்கு இடத்தைச் சரிசெய்தால் போதும். எழுத்து இடைவெளியைப் பூஜ்ஜியமாக்குங்கள். ஆங்கிலத் தலைப்புக்கு அழகாக இருக்கும் அகல இடைவெளி தமிழில் துணைக்காலையும் கொம்பையும் பிரித்துப் போடும். வரி உயரம் 1.6 வையுங்கள், இல்லாவிட்டால் 'கு', 'ணு' போன்றவற்றின் அடிப்பகுதி வெட்டுப்படும். அளவு 16 பிக்சலுக்குக் குறைய வேண்டாம். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருவில் சாதாரணம், தடிமன் இரண்டை மட்டும் ஏற்றுங்கள், ஒன்பது தடிமனையும் ஏற்றினால் பக்கம் கனக்கும். எழுத்துரு வரும்வரை போனில் இருக்கும் தமிழ் எழுத்தே தெரியும்படி 'ஸ்வாப்' அமைப்பைப் போடச் சொல்லுங்கள்.

மொழி நடையும் முக்கியம். 'மகளிர் இரவு ஆடை' என்று யாரும் தேடுவதில்லை, நைட்டி என்றே எழுதுங்கள். பட்டனில் 'வாங்கு', 'கூடையில் சேர்' போன்ற குட்டி வார்த்தைகள் போதும்.

பொருள் பக்கத்தில் என்னென்ன இருந்தால் ஆள் நிற்பார்?

கடையில் நின்று வாயால் கேட்கும் கேள்விகளை ஒரு வாரம் நோட்டில் எழுதுங்கள். அந்தப் பட்டியல்தான் உங்கள் பொருள் பக்கம்.

நைட்டி என்றால்: ஜிப் இருக்கா, பாக்கெட் இருக்கா, துவைத்தால் சுருங்குமா, நீளம் எத்தனை இஞ்ச். 'ஃப்ரீ சைஸ்' என்று மட்டும் எழுதினால் பாதிப் பேர் அங்கேயே போய்விடுவார்கள். மார்புச் சுற்றளவையும் தோளிலிருந்து கீழ்வரை நீளத்தையும் இஞ்சில் கொடுங்கள். அது துணியின் அளவா, போடுபவரின் உடல் அளவா என்று கட்டாயம் எழுதுங்கள். 44 இஞ்ச் என்று துணியின் அளவைப் போட்டால், 44 உடம்புக்காரர் வாங்கி, இறுக்கமாக இருக்கிறது என்று திருப்பி அனுப்புவார்.

புடவை என்றால் முந்தானை, பார்டர், உடல் மூன்றுக்கும் தனிப் படம். பிளவுஸ் துணி உண்டா இல்லையா என்பது தலைப்பிலேயே. சேர்ந்தது என்றால் மொத்த நீளம் வழக்கமாக 6.3 மீட்டர் அளவில் வரும், உங்கள் துணியை அளந்து அந்த எண்ணையே போடுங்கள். ட்யூப் லைட்டில் எடுத்த படம் நிறத்தை மாற்றும். காலையில், நேர் வெயில் படாத வெளிச்சத்தில் எடுங்கள்.

கருவாடு என்றால் கேள்விகள் வேறு. தலை நீக்கியதா, மணல் இருக்குமா, உப்பு தூக்கலா, பார்சலில் வாடை வெளியே வருமா. கடைசிக் கேள்விக்கு அபார்ட்மென்ட்டில் இருப்பவர்கள் பதில் தேடியே தீருவார்கள். எத்தனை அடுக்கு பேக்கிங், வேக்வம் சீலா என்று படத்தோடு காட்டுங்கள். அளவு தெரிய நெத்திலியை உள்ளங்கையில் வைத்து ஒரு படம் எடுங்கள். 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவு வியாபார உரிமம்) எண்ணையும் பக்கத்தில் போடுங்கள்.

விலை, சைஸ், வாங்கும் பட்டன், டெலிவரி நாள் நான்கும் முதல் திரையிலோ அதற்கடுத்த ஒரே தள்ளலிலோ தெரிய வேண்டும். கடையின் வரலாறு எல்லாம் கீழே இருக்கட்டும்.

டெலிவரி கட்டணத்தை எப்போது சொல்வது?

முதலிலேயே. 349 ரூபாய் என்று காட்டி, முகவரி எல்லாம் தட்டி முடித்த பிறகு 60 ரூபாய் சேர்த்தால் கோபம்தான் வரும். பொருள் பக்கத்திலேயே பின்கோடு பெட்டி வையுங்கள். 600013, ராயபுரம் என்று போட்டால் எத்தனை ரூபாய், என்றைக்கு வரும், கேஷ் ஆன் டெலிவரி உண்டா என்று மூன்றுக்கும் பதில் வர வேண்டும்.

சட்டமும் இதில் உங்கள் வாடிக்கையாளர் பக்கம்தான். 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், எல்லாக் கட்டணமும் சேர்ந்த மொத்த விலையை ஒரே எண்ணாகவும், அதன் பிரிவினையோடும் காட்டச் சொல்கின்றன.

கவுன்ட்டவுன் கடிகாரம், தள்ளுபடி பாப்-அப் வைத்தால் நிற்பார்களா?

பொய்க் கடிகாரம் வேண்டாம். ரீஃப்ரெஷ் செய்தால் மறுபடி 15 நிமிடத்திலிருந்து ஓடும் கடிகாரத்தை எல்லோரும் கண்டுபிடித்துவிடுகிறார்கள். 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடைசெய்த 13 ஏமாற்று உத்திகளில் போலி அவசரம் ஒன்று, கேட்காமலே கூடையில் பொருள் சேர்ப்பது இன்னொன்று. 'இரண்டே உள்ளது' என்பது ஸ்டாக் கணக்கிலிருந்து வருவதானால் தாராளமாகக் காட்டுங்கள்.

பாப்-அப்பை வந்த உடனே முகத்தில் அடிக்காதீர்கள். இரண்டாவது பொருளைப் பார்த்த பிறகு, திரையின் கீழே ஒரு சின்னப் பட்டையாக வரட்டும். மூடும் குறி கட்டைவிரல் படும் அளவு இருக்கட்டும்.

உள்ளே தேடுகிறார்கள், 'எதுவும் இல்லை' என்று வருகிறது. பொருள் இருக்கிறதே?

ஒருவர் நெத்திலி என்பார், இன்னொருவர் நெத்தலி, மூன்றாமவர் ஆங்கில எழுத்தில் தட்டுவார். இன்ஸ்கர்ட் என்பதும் உள்பாவாடை என்பதும் ஒன்றே. ஷால், துப்பட்டா, சுடி, சுடிதார், சல்வார். இணைச்சொல் பட்டியல் உங்கள் தேடல் பெட்டிக்குள் இருக்க வேண்டும். வாரம் ஒரு முறை, பூஜ்ஜியம் முடிவு வந்த சொற்களை எடுத்துப் பட்டியலில் சேருங்கள். உங்களிடம் இல்லாத பொருளையே பலர் தேடினால், அடுத்த கொள்முதலுக்கு அதுவே தகவல்.

ஸ்டாக் இல்லாத பொருளின் பக்கத்தை நீக்கிவிடலாமா?

திரும்ப வரும் பொருளானால் நீக்காதீர்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் கருவாட்டு வரத்தும் குறையும். பக்கத்தை நீக்கிவிட்டால் கூகுளில் வருபவர் 'பக்கம் இல்லை' என்ற 404 பார்த்துத் திரும்புவார், கூகுள் தேடலில் சேர்த்துவைத்த இடமும் போய்விடும். பக்கம் இருக்கட்டும், 'வந்ததும் வாட்ஸ்அப்பில் சொல்லவும்' என்ற பட்டனும், இப்போது இருக்கும் மூன்று பொருளும் மேலே வரட்டும். இனி வரவே வராது என்றால் அதே வகைப் பக்கத்துக்கு 301 (பழைய முகவரிக்கு வருபவரை நிரந்தரமாக வேறு பக்கத்துக்கு அனுப்பும் அமைப்பு) போட்டுத் திருப்புங்கள், முகப்புக்கு வேண்டாம்.

கூடையில் போடுகிறார்கள், பணம் கட்டாமல் போகிறார்கள்.

இது பவுன்ஸ் அல்ல, ஆனால் வேர் ஒன்றே. இன்ஸ்டாகிராமுக்குள் திறக்கும் பிரவுசரில் குரோமில் சேமித்த முகவரி இருக்காது, லாகினும் இருக்காது. கணக்கு தொடங்கச் சொன்னால் அங்கேயே முடிந்தது. விருந்தினராகவே வாங்க விடுங்கள். முதலில் போன் நம்பர், பிறகு பின்கோடு. பின்கோடிலிருந்து ஊரும் மாநிலமும் தானாக நிரம்பட்டும். எண் தட்டும் பெட்டியில் எண் விசைப்பலகை வர வேண்டும். பெட்டிக்குள் எழுத்து 16 பிக்சலுக்குக் கீழே இருந்தால் ஐபோனில் திரை பெரிதாகி ஆடும். யுபிஐ ஆப் அந்தப் பிரவுசரில் திறக்கிறதா என்று இன்ஸ்டாகிராமுக்குள்ளிருந்தே ஒரு ரூபாய்ப் பொருள் வைத்து வாங்கிப் பாருங்கள். கம்ப்யூட்டரில் சோதித்தால் இது தெரியவே தெரியாது.

எங்கே தடுமாறுகிறார்கள் என்று நேரில் பார்க்க வழி உண்டா?

மைக்ரோசாஃப்ட் கிளாரிட்டி இலவசம். வருகையின் பதிவை வீடியோபோல் காட்டும். ஒரே இடத்தில் ஆத்திரத்தோடு பல முறை தட்டுவதையும், தொட்டும் ஒன்றும் நடக்காத இடங்களையும் தனியாகப் பிரித்துத் தரும். வாரம் 20 பதிவு, அதுவும் 10 விநாடிக்குள் போனவை, பார்த்தால் போதும். படத்தைப் பெரிதாக்கத் தொட்டு, பெரிதாகாமல் போனவர்களை நிறையப் பார்ப்பீர்கள்.

மாற்றிய பிறகு எத்தனை நாளில் பலன் தெரியும்?

நாள் கணக்கைவிட வருகைக் கணக்கு முக்கியம். 100 வருகையில் 60% பவுன்ஸ் என்றால் உண்மை 50க்கும் 70க்கும் நடுவே எங்கும் இருக்கலாம். அதை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். 60%லிருந்து 55%க்கு இறங்கியதா என்று உறுதியாகச் சொல்ல, மாற்றத்துக்கு முன்னும் பின்னும் தலா 1500 வருகையாவது வேண்டும். ஒரே நேரத்தில் ஐந்து மாற்றம் செய்தால் எது வேலை செய்தது என்று தெரியாது, ஒன்றைச் செய்து காத்திருங்கள்.

ஆடித் தள்ளுபடி வாரத்தை அடுத்த சாதாரண வாரத்தோடு ஒப்பிடாதீர்கள், வரும் ஆளே வேறு. வேகத்தைச் சரிசெய்தால் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் வாடிக்கையாளர் அனுபவப் பகுதி உடனே மாறாது. அது கடந்த 28 நாள் கணக்கு, முழுதாகப் புதிய எண் வர நான்கு வாரம் ஆகும். அதே பக்கத்தில் கீழே இருக்கும் சோதனை மதிப்பெண் அன்றைக்கே மாறும், படம் சரியாக ஏறியதா என்று பார்க்க அது போதும்.